அச்சு மின்சுற்றுப் பலகை: பள்ளிக்கும் இல்லத்திற்கும் ஏற்ற முறை எது?

ரேடியோப் பெட்டியாயினும், கிணற்று மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியாயினும், மழையளவைப் பதிவு செய்யும் கருவியாயினும், உறையைத் திறந்து நோக்கினால் உள்ளே ஒரு பலகை காணப்படும். அதன் ஒரு புறத்தில் மின்தடைகளும் மின்தேக்கிகளும் டிரான்சிஸ்டர்களும் அமர்ந்திருக்கும். மறுபுறத்தில் செம்பினாலான மெல்லிய கோடுகள் அவ்வுறுப்புகளை ஒன்றோடொன்று இணைத்துச் செல்லும். இதுவே அச்சு மின்சுற்றுப் பலகை எனப்படுவது. தொழிற்சாலைகளில் பெரும் இயந்திரங்களால் தயாரிக்கப்படும் இப்பலகையைச் சிறு அளவில் பள்ளிப் பட்டறையிலோ இல்லத்திலோ செய்துகொள்வதும் இயலக்கூடியதே. அதற்குரிய முறைகள் பல. அவற்றுள் எது எவ்வேலைக்கு ஏற்றது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி இன்று நம் நாட்டில் பல இடங்களில் எழுகிறது. 2016-இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ்ப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பள்ளிகளில் டிங்கரிங் ஆய்வகங்கள் நிறுவப்பட்டுள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாணவர்கள் தாமே மின்னணுக் கருவிகளை அமைத்துப் பழகுகின்றனர். ஆயினும் பலகை செய்யும் முறையைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கடையில் எப்பொருள் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அமைந்துவிடுகிறது. அதன் விளைவு பின்னரே தெரியவருகிறது. மேசையில் கறை படிகிறது. இரும்புக் கருவிகள் துருவேறுகின்றன. மூலையில் பழுப்பு நிறத் திராவகம் நிறைந்த ஒரு புட்டி, அதை என்ன செய்வதென்று எவரும் அறியாத நிலையில், ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. சில சமயங்களில் அது கழிவுநீர்த் தொட்டியில் கொட்டப்பட்டுவிடுகிறது.

ஆகையால் முறையைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். பலகையிலுள்ள கோடுகள் எவ்வளவு நுண்ணியவை? பலகைகள் எத்தனை வேண்டும்? கரைந்துபோகும் செம்பு இறுதியில் எங்கே சேரும்? முதல் இரண்டு வினாக்களைப் பலரும் எழுப்புகின்றனர். மூன்றாவதை எழுப்புவோர் சிலரே. உண்மையில் மூன்றாவது வினாவே முதலில் எழுப்பப்பட வேண்டியது.

பலகை தோன்றிய வரலாறு

பழைய ரேடியோப் பெட்டிகளில் ஒவ்வோர் உறுப்பும் கம்பியால் தனித்தனியே இணைக்கப்பட்டது. வேலை மெதுவாக நடந்தது, பிழைகளும் மிகுதி. வியன்னாவில் பிறந்து 1936-இல் இங்கிலாந்து சென்ற பால் ஐஸ்லர் என்னும் பொறியியலார், மின்காப்புப் பலகையின் மீது செம்புத் தகட்டை ஒட்டி, வேண்டாத பகுதியை மட்டும் அரித்து நீக்கும் வழியை வகுத்தார். 1943-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1949-இல் அமெரிக்கத் தரைப்படையின் தொலைத்தொடர்புப் பிரிவைச் சேர்ந்த மோ ஏப்ரம்சன், ஸ்டானிஸ்லாஸ் டாங்கோ ஆகிய இருவர், உறுப்புகளின் கால்களைத் துளைகளில் செருகிப் பலகை முழுவதையும் ஒரே முறையில் உருகிய பற்றாசில் தோய்த்தெடுக்கும் வழியை உருவாக்கினர். இவ்விரண்டும் இணைந்தபின் அச்சுப் பலகை உலகெங்கும் பரவிற்று.

வேண்டிய இடத்தில் செம்பை இடுவதன்று, வேண்டாத இடத்தில் செம்பை நீக்குவதே ஐஸ்லர் முறையின் அடிப்படை. பள்ளியில் செய்யும் பலகைக்கும் இதுவே அடிப்படை. இதனால் எழும் நன்மைகளும் தொல்லைகளும் இவ்வொரு கருத்திலிருந்தே பிறக்கின்றன.

பலகையின் அமைப்பும் ஒரு சிறு கணக்கும்

கடைகளில் கிடைக்கும் செம்பு பொதிந்த பலகை இரு வகைப்படும். காகிதத்தைப் பினாலிக் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த பழுப்பு நிறப் பலகை ஒன்று. கண்ணாடி இழைத் துணியை எப்பாக்சிப் பிசினில் தோய்த்துச் செய்த பலகை மற்றொன்று. முன்னது விலை குறைந்தது, துளையிட எளிது. ஆனால் ஈரத்தையும் மிகுந்த வெப்பத்தையும் தாங்காது. பின்னது உறுதியானது, எனினும் அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் கண்ணாடித் தூள் எழும். பலகையின் கனம் வழக்கமாக 1.6 மில்லிமீட்டர். அதன்மேல் உள்ள செம்பின் கனம் 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு.

இம்மெல்லிய செம்பு பயனற்றதன்று. 1 மில்லிமீட்டர் அகலமுள்ள கோடு 2 ஆம்பியர் மின்னோட்டத்தை அதிகம் சூடேறாமல் தாங்கும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள அத்தகைய கோட்டின் மின்தடை 0.05 ஓம் அளவே. மாணவர் செய்யும் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு இது போதும்.

இனி எடையைக் கணக்கிடலாம். 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பக்கப் பலகையில் செம்பின் கன அளவு 0.35 கன சென்டிமீட்டர். செம்பின் அடர்த்தி 8.96. எனவே அதன் எடை 3.1 கிராம். அதில் பாதியை அரித்து நீக்கினால் சுமார் 1.6 கிராம் செம்பு திராவகத்தில் கரைகிறது. இச்சிறு எண்ணை நினைவில் வைத்தல் வேண்டும். கழிவைப் பற்றிக் கூறுமிடத்தில் இது மீண்டும் வரும்.

அச்சுப் பலகை தேவைதானா?

முறையைப் பற்றி ஆராயுமுன், பலகையை அரித்துச் செய்வது இன்றியமையாததா என்பதைப் பார்த்தல் வேண்டும். 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் இட்ட ஆயத்தப் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு வகையில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தனித்தனிச் செம்புத் திட்டு இருக்கும். மற்றொரு வகையில் செம்புப் பட்டைகள் வரிசை வரிசையாக ஓடும்; வேண்டாத இடத்தில் பட்டையைத் துளையிடும் அலகால் சுரண்டி அறுத்துவிடலாம். இருபது உறுப்புகளுக்கு உட்பட்ட, ஒரே ஒரு முறை செய்யப்படும் கருவிக்கு இப்பலகைகளே தக்கவை. நீர்த்தொட்டி நிரம்பியதும் ஒலியெழுப்பும் எளிய டிரான்சிஸ்டர்க் கருவி இவ்வகையைச் சேர்ந்தது. அதற்காகத் திராவகம் கலக்குவது வீண்வேலை.

வானொலி ஆர்வலர்கள் மற்றொரு வழியையும் கையாளுகின்றனர். செம்பு பொதிந்த பலகை ஒன்றை அரிக்காமல் அப்படியே அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் சிறு செம்புத் துண்டுகளைப் பசையால் ஒட்டி, அவற்றில் உறுப்புகளைப் பற்றவைக்கின்றனர். அடித்தளச் செம்பு முழுவதும் பூமி இணைப்பாகப் பயன்படுவதால், உயர் அதிர்வெண் கருவிகளுக்கு இது மிகவும் ஏற்றது. இதிலும் செம்பு கரைவதில்லை.

பல பிரதிகள் வேண்டும்போதும், உறுப்புகளின் கால்கள் 2.54 மில்லிமீட்டருக்கும் நெருங்கி அமைந்தபோதும், கருவி அதிர்வுள்ள இடத்தில் நீண்டகாலம் உழைக்க வேண்டியபோதும் மட்டுமே அச்சுப் பலகை அவசியமாகிறது.

காப்புப் படலம் இடும் மூன்று வழிகள்

செம்பில் எஞ்ச வேண்டிய பகுதியைத் திராவகம் தாக்காதவாறு மூடுவதே காப்புப் படலம். அதை இடும் வழிகள் மூன்று.

முதலாவது கையால் வரைதல். அழியா மை கொண்ட பேனாவாலோ, எனாமல் வர்ணத்தாலோ, நகப்பூச்சாலோ கோடுகளை நேரே செம்பின் மீது வரையலாம். 1 மில்லிமீட்டருக்குக் குறையாத கோடுகள் இம்முறையில் நன்கு அமையும். பேனா மை மெல்லியதாகையால் இருமுறை வரைதல் நலம். செம்பை முதலில் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, விரல் படாமல் உலர்த்த வேண்டும். விரலிலுள்ள எண்ணெய்ப் பசையே பல தோல்விகளுக்குக் காரணம். இம்முறைக்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. கோடு வரைதலின் பொருளை மாணவர் உணர்வதற்கும் இதுவே சிறந்தது. ஆனால் பத்துப் பலகைகள் வேண்டுமெனில் பத்து முறையும் வரைய வேண்டும்.

இரண்டாவது மைத்தூள் மாற்றும் முறை. லேசர் அச்சுப்பொறியின் மைத்தூள் உண்மையில் ஒருவகைப் பிளாஸ்டிக்கே. படத்தைப் பளபளப்பான தாளில் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட்டு, தாளின் மைப்புறம் செம்பின்மேல் படுமாறு வைத்து, நீராவியற்ற சூடான இஸ்திரிப்பெட்டியால் சில நிமிடங்கள் அழுத்தினால் மைத்தூள் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் நீரில் ஊறவைத்துத் தாளை மெதுவாக உரித்தெடுக்க வேண்டும். மையைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் பொறிகளின் மை இதற்குப் பயன்படாது. 0.4 மில்லிமீட்டர் அகலமுள்ள கோடுகளைச் சற்றுப் பழகியபின் இம்முறையில் எளிதாகப் பெறலாம். வெப்பமும் அழுத்தமும் எங்கும் சமமாக இல்லாவிடில் ஓரங்களில் மை ஒட்டாது. மிகுந்துவிட்டால் கோடுகள் நசுங்கிப் பரவிவிடும். விட்டுப்போன இடங்களைப் பேனாவால் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது ஒளிப்பட முறை. புற ஊதாக் கதிர் பட்டால் தன்மை மாறும் படலத்தைச் செம்பின்மேல் ஒட்டி, படம் அச்சிட்ட ஒளிபுகும் தாளை அதன்மேல் வைத்து ஒளி காட்ட வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் உலர் படலத்தில் ஒளி பட்ட பகுதி இறுகிவிடும். படாத பகுதி சலவைச் சோடாக் கரைசலில் கழுவப்பட்டு நீங்கும். லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 10 கிராம் நீரற்ற சோடா போதும். ஆகவே இதற்கு, கோடுகள் வெளிறியும் மற்றவை கறுத்தும் உள்ள மறுநிலைப் படம் வேண்டும். வேறு சில பலகைகளில் பூசப்பட்ட படலம் இதற்கு நேர்மாறாக, ஒளி பட்ட இடத்தில் கரையும். அதைக் கழுவக் காஸ்டிக் சோடா தேவைப்படுகிறது. காஸ்டிக் சோடா கண்ணுக்குப் பெருந்தீங்கு இழைக்கும். எனவே பள்ளிகளுக்கு உலர் படலமே பாதுகாப்பானது. அரித்து முடிந்தபின் உலர் படலத்தை உரிக்கவும் காஸ்டிக் சோடா வேண்டுமாகையால், அவ்வேலையை மட்டும் ஆசிரியர் தம் கையால் செய்தல் வேண்டும். 0.2 மில்லிமீட்டர்க் கோடுகளும் இம்முறையில் தெளிவாக வரும். பிரதிகள் ஒன்றற்கொன்று மாறுபடா. மஞ்சள் விளக்கொளியில் வேலை செய்ய வேண்டுவதும், ஒளி காட்டும் நேரத்தைச் சோதித்து அறிய வேண்டுவதும் இதன் தொல்லைகள்.

கோடு நுண்ணிதாகும்போது மற்றொரு தடையும் எதிர்ப்படுகிறது. திராவகம் செம்பைக் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை. காப்புப் படலத்தின் அடியில் பக்கவாட்டிலும் அரிக்கிறது. 35 மைக்ரான் ஆழம் அரிக்கும் நேரத்தில் இருபுறமும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் உள்ளே சென்றுவிடக்கூடும். 1 மில்லிமீட்டர்க் கோட்டிற்கு இது பொருட்டன்று. 0.1 மில்லிமீட்டர்க் கோட்டிலோ பெரும்பகுதி மறைந்துவிடும். எனவே படத்தை எவ்வளவு நுட்பமாக அச்சிட்டாலும், அரித்தல் சீராக நடவாவிடில் பயனில்லை.

அரிக்கும் திராவகங்கள்

பெரும்பாலோர் அறிந்தது பெரிக் குளோரைடு. அது செம்பைத் தாமிரக் குளோரைடாக மாற்றித் தானும் பெரஸ் குளோரைடாக மாறுகிறது. 1 கிராம் செம்பைக் கரைக்க, கணக்கின்படி, நீரற்ற பெரிக் குளோரைடு 5 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். சாதாரண வெப்பநிலையில் பத்து நிமிடம் முதல் அரை மணி வரை ஆகலாம். தட்டை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து 40 பாகை செல்சியசுக்குச் சூடேற்றினால் வேலை விரைவுபடும். நேரே அடுப்பில் வைத்தல் கூடாது. நீரற்ற தூளைக் கரைக்கும்போது பெருவெப்பம் எழுமாகையால், தூளைச் சிறிது சிறிதாக நீரில் இட வேண்டும். தூளின்மேல் நீரை ஊற்றுதல் கூடாது. இத்திராவகம் துணியிலும் தோலிலும் நீங்காத கறையை உண்டாக்கும். இரும்பு, அலுமினியம், எவர்சில்வர் ஆகிய பாத்திரங்களையும் அரித்துவிடும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரமே ஏற்றது. நன்மை யாதெனில், பிளாஸ்டிக் புட்டியில் பலகாலம் கெடாமல் இருக்கும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இதனைக் குறைந்த அளவில் பயன்படுத்தவும் வழியுண்டு. செம்புப்புறம் கீழ்நோக்குமாறு பலகையைத் திராவகத்தின் மேல் மிதக்கவிட்டால், கரைந்த செம்பு கனத்தினால் கீழிறங்க, புதிய திராவகம் தொடர்ந்து பலகையை அடையும். அடியில் காற்றுக்குமிழ் தங்காமல் இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டும். சிறு பலகையாயின், கையுறை அணிந்து, திராவகத்தில் நனைத்த கடற்பஞ்சினால் மெதுவாகத் துடைத்தே அரித்துவிடலாம். சில தேக்கரண்டித் திராவகம் போதும்.

சோடியம் பெர்சல்பேட்டு வெண்ணிறத் தூள். அதன் கரைசல் தெளிவானதாகையால் அரிப்பு நடப்பதைக் கண்ணால் காணலாம். செம்பு கரையக் கரைய நீலநிறம் ஏறும். 40 முதல் 50 பாகை வெப்பத்தில் நன்கு வேலை செய்யும். கறை படியாது. ஆனால் கரைசல் நாளடைவில் வாயுவை வெளியிட்டுக் கெடுவதால் இறுக மூடிய புட்டியில் வைத்தல் ஆபத்து. தூள் மூச்சுக்குழலை உறுத்தும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கலவை சில நிமிடங்களிலேயே வேலையை முடித்துவிடும். ஆயினும் அமில ஆவியும், சில வேளைகளில் குளோரின் வாயுவும் எழுகின்றன. மூடிய புட்டியில் ஊற்றி வைத்தால் வெடிக்கும். மாணவர் கூடும் அறையில் இதற்கு இடமில்லை.

வினிகர், உப்பு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதப் பெராக்சைடு ஆகியவற்றைக் கலந்தும் செம்பை அரிக்கலாம். வேலை மெதுவாக நடக்கும். வாங்கும் பொருள்களில் அபாயம் குறைவு. இதனால் இக்கலவையைத் தீங்கற்றது எனக் கருதிச் சாக்கடையில் ஊற்றிவிடுவோர் உளர். இது தவறு. வினிகரும் உப்பும் சமையலறைப் பொருள்களே. அவற்றில் கரைந்துள்ள செம்பு அவ்வாறன்று. எத்திராவகத்தைக் கொண்டாலும் பலகையிலிருந்து வெளியேறும் செம்பின் அளவு ஒன்றே.

திராவகமின்றிச் செய்யும் வழி

கணிப்பொறியால் இயங்கும் சிறு கடைசல் பொறி இப்போது பல ஆய்வகங்களில் உள்ளது. கூரிய முனையுள்ள அலகு சுழன்று, கோடுகளைச் சுற்றிச் செம்பை மெல்லிய வாய்க்காலாகச் சீவிவிடும். திராவகம் இல்லை, கரைந்த செம்பும் இல்லை. துளைகளையும் அதே பொறி இட்டுவிடும். பலகை சிறிது வளைந்திருப்பினும் வெட்டின் ஆழம் மாறுபடுமாகையால், இருபுற ஒட்டுப்பட்டையால் அதைத் தட்டையாகப் பதித்தல் வேண்டும். ஒரு பலகைக்கு அரை மணி அல்லது அதற்கு மேலும் ஆகலாம். இதன் அபாயம் தூளில் உள்ளது. கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும். பொறிக்கு மூடியும், தூளை உறிஞ்சும் கருவியும், முகக்கவசமும் வேண்டும். தூளை வாயால் ஊதுதல் கூடவே கூடாது. இக்காரணத்தால் பொறியில் வெட்டக் காகிதப் பலகை விரும்பத்தக்கது.

கரைந்த செம்பு எங்கே போகிறது?

செம்பு உடலுக்குச் சிறிதளவு தேவையான உலோகமே. ஆயினும் நீரில் கரைந்த செம்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. குளத்துப் பாசியை ஒழிக்க மயில்துத்தம் இடுவதும், அளவு மிஞ்சினால் மீன்கள் மிதப்பதும் களப்பணியாளர் அறிந்ததே. குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500 (2012), செம்பின் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு உட்பட்டிருப்பதை விரும்பத்தக்கதாகக் கொள்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிடில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கிறது. கழிவுநீரை நீர்நிலையிலோ பொதுச் சாக்கடையிலோ விடுவதற்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரம் விதித்துள்ள உச்சவரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம்.

முன்னர்க் கண்ட 1.6 கிராம் என்னும் எண்ணை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒரே ஒரு பலகையின் கழிவு 3 மில்லிகிராம் வரம்புக்குள் வர 500 லிட்டருக்கு மேற்பட்ட நீரில் கலந்திருக்க வேண்டும். குடிநீரின் விரும்பத்தக்க அளவுக்கு வர 30,000 லிட்டருக்கும் மேல் வேண்டும். அது ஊருக்கு நீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டி ஒன்றின் கொள்ளளவு. ஒரு வகுப்பின் இருபது பலகைகளையும், பல பள்ளிகளில் கிணறு அதே வளாகத்தில் இருப்பதையும் எண்ணிப் பார்த்தால், இது அலட்சியம் செய்யத்தக்கதன்று என்பது விளங்கும். நீர் கலந்து ஊற்றுவதும் தீர்வாகாது; நீர் கலப்பதால் செம்பு மறைவதில்லை.

கழிவைக் கையாளும் வழி கடினமன்று. பயன் தீர்ந்த திராவகத்தையும், பலகையைக் கழுவிய முதல் நீரையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்க்க வேண்டும். பொங்கி வழியாதவாறு வாளி திராவகத்தைப் போல் மும்மடங்கு கொள்ள வேண்டும். அதில் கரைத்த சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நுரை எழும். சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும் வரை சேர்க்க வேண்டும். கரைந்திருந்த செம்பும் இரும்பும் கரையாத சேறாகி அடியில் படியும். போர்டோ கலவை தயாரிக்கையில் மயில்துத்தக் கரைசலில் சுண்ணாம்பு நீர் சேர்வதும் இதையொத்த வினையே. ஓர் இரவு கழித்து, தெளிந்த நீரை வடித்து, சேற்றைத் துணியில் வடிகட்டி உலர்த்தி, பையிலிட்டு, "செம்புக் கழிவு" என்று எழுதி வைத்தல் வேண்டும். அதைக் குப்பையிலோ தோட்டத்திலோ இடுதல் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அனுமதி பெற்றோரிடமே சேர்ப்பிக்க வேண்டும். அவர்கள் யாரென்பதை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் கேட்டறியலாம். வடித்த நீரில் உப்பு மிகுதி. அதைச் செடிகளுக்கோ கிணற்றருகிலோ விடலாகாது.

இங்கே திராவகங்களின் வேறுபாடு வெளிப்படுகிறது. பெரிக் குளோரைடை நடுநிலைப்படுத்த ஏறக்குறைய அதன் எடைக்குச் சமமான நீரற்ற சோடா வேண்டும். படிகச் சோடாவாயின் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். செம்போடு இரும்பும் படிவதால் சேறும் மிகுதி. சோடியம் பெர்சல்பேட்டில் சேறு குறைவு. அம்மோனியம் பெர்சல்பேட்டும் கடைகளில் கிடைக்கிறது. அதில் காரம் சேர்த்தால் அம்மோனியா தோன்றிச் செம்பைக் கருநீலக் கரைசலாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு முழுவதும் படியாது. எனவே அதைத் தவிர்ப்பது நலம்.

கழிவைக் குறைக்கும் சிறந்த வழி, செம்பைக் கரைக்காமலே விட்டுவிடுவதாகும். கோடுகளைத் தவிர மற்றவற்றையெல்லாம் அரிப்பது பழக்கமேயன்றித் தேவையன்று. ஒவ்வொரு கோட்டையும் சுற்றி அரை மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் விட்டு, எஞ்சிய பரப்பு முழுவதையும் காப்புப் படலத்தால் மூடிப் பூமி இணைப்பாக்கிவிடலாம். 5 சென்டிமீட்டர் சதுரப் பலகை இருபதில் முக்கால் பங்கை அரித்தால் சுமார் 12 கிராம் செம்பு கரையும். இவ்வாறு ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அரித்தால் 3 கிராமே கரையும். திராவகமும் சோடாவும் சேறும் அதே விகிதத்தில் குறையும். இதற்குச் செலவு ஏதுமில்லை. படம் வரையும்போது சிறிது கவனம் மட்டுமே வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் வகை

மூன்று எடுத்துக்காட்டுகளால் இதை விளக்கலாம்.

நீர்த்தொட்டி நிரம்பியதை அறிவிக்கும் கருவி ஒன்று மட்டும் வேண்டும். உறுப்புகள் பத்து. இதற்கு ஆயத்தத் துளைப்பலகை போதும்.

555 என்னும் எட்டுக்கால் தொகுப்புச் சுற்றைக் கொண்டு விளக்கை மினுக்கும் கருவி இருபது மாணவருக்கு இருபது வேண்டும். கால்களின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், கோடுகள் 1 மில்லிமீட்டர் அகலம் இருக்கலாம். மைத்தூள் மாற்றும் முறையும், செம்பை மிகுதியாக விட்டுவைக்கும் படமும், சோடியம் பெர்சல்பேட்டும் ஏற்றவை. இருபது பலகைகளையும் ஒரே பெரும் பலகையாக அரித்துப் பின்னர் அறுத்துக்கொள்ளலாம். கடைசல் பொறி உள்ள ஆய்வகம் அதையே கையாளலாம். ஆனால் இரண்டு மூன்று நாட்களாகப் பகிர்ந்து செய்ய வேண்டியிருக்கும்.

மழையளவைப் பதியும் கருவிக்கு, 0.8 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கால்களைக் கொண்ட நுண்கட்டுப்பாட்டுச் சில்லு வேண்டும். இரு பக்கக் கோடுகளும், அவற்றை இணைக்கும் உலோகம் பூசிய துளைகளும் தேவை. ஒளிப்பட முறையில் கோடுகள் வரும். ஆனால் துளைகளின் உட்சுவரில் செம்பு பூசுவது பள்ளியில் இயலாது. வயலில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய கருவிக்கு இது குறையாகும். இதற்குரிய படத்தை மாணவரே கணிப்பொறியில் வரைந்து, பலகையைத் தொழில்முறைத் தயாரிப்பாளரிடம் செய்வித்துப் பெறுவதே சரியான வழி. இன்று சிறு எண்ணிக்கையிலும் பலகை செய்து தருவோர் உளர். மாணவர் கற்க வேண்டியது சுற்றை வடிவமைப்பதே. அரித்தல் அதன் ஒரு பகுதிதான்.

எம்முறையைக் கொண்டாலும் சில விதிகள் பொதுவானவை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அணிந்தபின்னரே திராவகத்தைத் தொட வேண்டும். அறையில் காற்றோட்டமும் அருகில் ஓடும் நீரும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு புட்டியிலும் பொருளின் பெயரும் கரைத்த தேதியும் எழுதப்பட வேண்டும். குடிநீர்ப் புட்டியில் திராவகத்தை ஊற்றி வைப்பது உயிருக்கே ஆபத்து. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை மாணவர் செய்த பலகையில் இணைத்தல் கூடாது. 12 வோல்ட்டுக்கு மேற்படாத மின்கலங்களே போதும்.

பலகை செய்யப் புகுமுன் அதன் கழிவுக்கு வேண்டிய வாளியையும் சோடாவையும் எடுத்து வைப்பது நல்வழக்கமாகும். அவற்றுக்கு இடமில்லாத பட்டறையில் திராவக முறைக்கும் இடமில்லை. துளைப்பலகையும் கடைசல் பொறியும் வெளித் தயாரிப்பாளரும் எஞ்சியுள்ளன. இடமுள்ள பட்டறையிலோ, செம்பு எங்கிருந்து வந்தது, எவ்வளவு கரைந்தது, எவ்வாறு திரும்பப் பெறப்பட்டது என்பதை மாணவர் எடைபோட்டுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மின்னியலோடு வேதியியலையும் கற்பிக்க இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.